வேகம் ஏறினால் அடியில் உறுமல், அதிர்வு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஒட்டுசுட்டான் தம்பி:
எங்களது பழைய டீசல் ஹைலக்ஸ், டபுள் கெப். பின் சாஃப்டின் (கியர் பெட்டியில் இருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) முனையில் மடங்கும் மூட்டான யூ ஜொயின்ட் தேய்ந்துபோய் ஒரு கராச்சில் மாற்றினோம். அதன் பிறகு 60ஐத் தாண்டினால் இருக்கைக்குக் கீழே உறுமல். ஸ்ரேரிங் ஆடவில்லை, தரைதான் அதிர்ந்தது. ரயர் பலன்ஸ், எஞ்சின் மவுண்ட் எல்லாம் பார்த்தார்கள், ஒன்றும் மாறவில்லை.

கடைசியில் ஊரில் உள்ள வயதான மெக்கானிக் ஐயா பக்கத்தில் ஏறினார். மாங்குளம் வீதியில் 70இல் போகும்போது, "நியூட்ரலுக்குத் தட்டு தம்பி" என்றார். எஞ்சின் இரைச்சல் இறங்கியது, உறுமல் மட்டும் அப்படியே இருந்தது. வேகம் குறையக் குறையத்தான் அதுவும் அடங்கியது. "எஞ்சின் இல்லை, கிளச்சும் இல்லை. சில்லோடு சேர்ந்து சுற்றுகிற ஏதோ ஒன்று" என்றார். முற்றத்தில் சாக்கை விரித்து, சாஃப்டைக் கழற்றி அதன்மேல் வைத்தார். இரண்டு முனைக் கவைகளும் ஒரே நேரில் நிற்க வேண்டும். எங்களுடையதில் ஒன்று திரும்பி நின்றது! ஸ்பிளைனை (சாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல்வரிசை) இழுத்துப் பிரித்தவர்கள் அடையாளம் போடாமல் பல் மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். நேராக்கிப் பூட்டியதும் சத்தம் போய்விட்டது, புதிய சாமான் எதுவும் வாங்கவில்லை. அடையாளத்துக்கு ஒரு பெயின்ட் கோடு போதுமே. அதைக்கூடப் போடாமல் விட்டதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

இரணைமடு விவசாயி:
தம்பி சொல்வது சரி. ஆனால் எடுத்தவுடன் சாஃப்டில் கை வைக்க வேண்டாம். மாரியில் வயலுக்குள் இறங்கிவிட்டு மறுநாள் ஏ9 வீதியில் ஏறினேன், ஸ்ரேரிங் கையை உதறியது. குனிந்து பார்த்தால் முன் ரிம்மின் உட்பக்கத்தில் களி. இரவு நின்ற இடத்திலேயே கீழே வழிந்து, ஒரு பக்கத்தில் மட்டும் காய்ந்திருந்தது. கம்பியால் இடித்தபோது வைக்கோலோடு முழுக் கட்டியாக விழுந்தது. அதோடு உதறலும் நின்றது.

வற்றாப்பளை ஓட்டுநர்:
நாலு சில்லு இழுவையைப் பற்றி இருவருமே பேசவில்லை. விவசாயி அண்ணை, களி என்றால் பார்த்தவுடன் தெரியும், அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. மச்சானின் ஜீப் கடற்கரை மணலில் இருந்து 4எச்சிலேயே (நாலு சில்லும் இழுக்கும் நிலை) தார் வீதிக்கு வந்துவிட்டது. சந்தியில் திருப்பும்போது துள்ளி, அடியில் 'டமார்' என்று ஒரு அடி. 2எச்சுக்கு (பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றிக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்த பிறகுதான் இறுக்கம் விட்டது. நடுவில் டிஃபரன்ஷியல் (முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) இல்லாத வாகனத்தில் முன் பின் சில்லுகள் வளைவில் வேறு வேறு தூரம் ஓடும். மணல் என்றால் சறுக்கி விட்டுக்கொடுக்கும், காய்ந்த தார் விடாது.

யாருக்காவது சத்தம் வந்தால் இப்படிப் பாருங்கள். கையால் பூட்டும் ஹப் (முன் சில்லை அச்சோடு இணைக்கும் பூட்டு) என்றால் இரண்டையும் திறந்துவிட்டு 2எச்சில் ஓடுங்கள், முன் சாஃப்ட் சுற்றாது. சத்தம் நின்றால் கோளாறு முன்பக்க இழுவையில்தான். ஊளை மாதிரிக் கேட்டு, வலது பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது சில்லு பேரிங்கைச் சந்தேகியுங்கள், பாரம் அந்தப் பக்கம்தான் சாயும். ஜக் போட்டு, கீழே ஸ்ராண்ட் வைத்து, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். முன் கியர், ரிவர்ஸ் மாற்றும்போது 'டக்' என்றால் யூ ஜொயின்ட். கிறீஸ் நிப்பிளை மறக்க வேண்டாம், தண்ணீருக்குள் இறங்கி ஏறினால் புதுக் கிறீஸ் அடிக்கத்தான் வேண்டும்.

ஒட்டுசுட்டான் தம்பி:
அண்ணை, எங்களுடையது 2எச்சில், ஹப் திறந்திருக்கும்போதே உறுமியது. இழுவைப் பிரச்சினை இல்லை.

பரந்தன் பெடியன்:
எங்கள் கெப் வெறுமனே ஓடினால் ஒரு சத்தமும் இல்லை. நெல் மூட்டை ஏற்றி முதல் கியரில் எடுத்தால் மட்டும் நடுவில் நடுங்குகிறது. வேகம் பிடித்தால் நின்றுவிடும். யூ ஜொயின்ட் இரண்டும் புதிது.

ஒட்டுசுட்டான் தம்பி:
சாஃப்ட் இரண்டு துண்டா? அப்படியென்றால் நடு பேரிங்கைத் தாங்கும் ரப்பரைப் பாருங்கள். கிழிந்திருந்தால் பாரத்தோடு எடுக்கும்போதுதான் காட்டும்.