உதவி: லண்டனில் பதிவான 6 பழைய வீடியோ கசெட், பிபிசி உலக உருண்டையை வைத்து ஆண்டு பிரிப்பது எப்படி?

கல்லடி_ஒளிநாடா

எல்லோருக்கும் வணக்கம். 80களிலும் 90களிலும் லண்டனில் ரீவியிலிருந்து பதிவு செய்து மட்டக்களப்புக்கு அனுப்பிய விஎச்எஸ் கசெட் 6 கையில் இருக்கின்றன. லேபிள் ஒன்றிலும் எழுத்து மிஞ்சவில்லை. கணினிக்கு மாற்றி ஆண்டு வரிசையில் அடுக்க வேண்டும். நிகழ்ச்சிகளுக்கு இடையில் பிபிசி 1 இன் ஐடென்ட் (அலைவரிசையின் அடையாளப் படம்), அந்த உலக உருண்டை, வருகிறது. அதை வைத்து ஆண்டு சொல்ல முடியுமா?

இருக்கும் சாமான்: வளைகுடாவில் வாங்கிய பல சிஸ்டம் டெக் ஒன்று, லண்டனில் வாங்கிய டெக் ஒன்று, கசெட் படத்தைக் கணினிக்குள் எடுக்கும் ஈசிகேப் யுஎஸ்பி குச்சி, விண்டோஸ் மடிக்கணினி.

கசெட் 1: வளைகுடா டெக்கில் கறுப்பு வெள்ளையாக வருகிறது. கணினியில் படம் மேல்நோக்கி உருளவும் செய்கிறது. உருண்டைக்குப் பின்னால் தட்டையான இன்னொரு உருண்டை தெரிகிறது.
கசெட் 2: லண்டன் டெக்கை அன்டெனா வயரால் ரீவியில் கொடுத்தால் படம் நல்லது, சத்தம் வெறும் இரைச்சல்.
கசெட் 3: நிலப்பகுதிகள் பொன்னிறம், கடல் கண்ணாடி போல நீலம். கணினியில் உருண்டை முட்டை வடிவமாகவும் ஓரம் சீப்புப் பல் போலவும் இருக்கிறது. படத்தின் மேல்பகுதி வலப்பக்கம் சாய்கிறது.
கசெட் 4: எல்லாம் இரட்டை வேகம், எலிக்குரல்.
கசெட் 5: கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு. இன்னும் டெக்கில் போடவில்லை.
கசெட் 6: ஒழுங்காக ஓடுகிறது. புகை சூழ்ந்த உருண்டைக்குள் பெரிய 1.

கல்முனை_டெக்

தம்பி, முதல்ல கசெட் 5ஐ எந்த டெக்குக்குள்ளயும் போட்டுராதீங்க. அது பூஞ்சணம். ஒருக்கா ஓடினா ஹெட்டில ஒட்டி, அடுத்து போடுற எல்லாக் கசெட்டுக்கும் பரவும். அதைக் கடைசியாப் பாப்பம்.

கசெட் 1க்கு ரெண்டு வருத்தம், ரெண்டும் வேற வேற. வளைகுடா டெக்கில முன்பக்கமோ பின்பக்கமோ கலர் சிஸ்டம் சுவிட்ச் இருக்கும்: பால் (இங்கிலாந்திலயும் நம்மட நாட்டிலயும் உள்ள முறை), மீசீக்காம் (மத்திய கிழக்கு முறை), என்டிஎஸ்சி (அமெரிக்க முறை). மீசீக்காமில கிடந்தா பால் கசெட் கறுப்பு வெள்ளையாத்தான் வரும். பாலுக்கு மாத்துங்க. 'ஆட்டோ'வை நம்பாதீங்க, பழைய நாடாவில சிக்னல் பலவீனம், அது தடுமாறும்.

உருளுறது ஈசிகேப்பின்ட வேலை. அது என்டிஎஸ்சில நிக்கிது. என்டிஎஸ்சிக்கு 525 வரி, செக்கனுக்கு 30 பிரேம். பாலுக்கு 625 வரி, 25 பிரேம். எண்ணிக்கை ஒத்துப்போகாட்டி படம் நிக்காது. கலர் தாங்கி அலையும் ஒண்டு 3.58, மற்றது 4.43 மெகாஹெர்ட்ஸ், அதால இஞ்சயும் கலர் போகும். பதியிற மென்பொருள் விர்ச்சுவல்டப் எண்டா கேப்சர் முறைக்குப் போய், வீடியோ மெனுவில கேப்சர் பில்டரைத் திறந்து 'பால் பி' எண்டு வைங்க. ஓபிஎஸ் எண்டா 'கன்ஃபிகர் வீடியோ' பொத்தானுக்குள்ள அதே பெட்டி வரும். அளவு 720 × 576, 25 பிரேம். இங்கிலாந்து 'பால் ஐ' தானே எண்டு யோசிக்க வேணாம். மஞ்சள் ஏவி வயரில பி, ஜி, ஐ எல்லாம் ஒண்டுதான்.

வித்தியாசம் வாறது அன்டெனா வயரிலதான், அதுதான் கசெட் 2இன்ட கதை. இங்கிலாந்தில சத்தம் படத்திலிருந்து 6.0 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிக்கும். நம்மட ரீவி 5.5இல தேடும். கசெட்டில ஒரு பிழையும் இல்ல. அன்டெனா வயரைக் கழட்டிட்டு, பின்னால இருக்கிற 21 ஊசி ஸ்கார்ட் துவாரத்துக்கு ஒரு ஸ்கார்ட்–ஏவி மாற்றி போட்டு மஞ்சள், வெள்ளை, சிவப்பு எடுங்க. மாற்றியில 'இன்/அவுட்' எண்டு சின்ன சுவிட்ச் இருந்தா அவுட்டில இருக்கணும். கனபேர் அதை மறந்துபோட்டுக் கசெட்டைக் குறை சொல்றவங்க.

கசெட் 4 எல்பி முறையில (லோங் பிளே, நாடாவை மெதுவா ஓட்டிக் கூட நேரம் பதியிறது) பதிஞ்சது. சாதாரண ஓட்டம் (எஸ்பி) செக்கனுக்கு 23.39 மில்லிமீற்றர், எல்பி அதுல பாதி. எல்பி இல்லாத டெக் அதை முழு வேகத்தில இழுக்குது. லண்டன் டெக்கில எஸ்பி/எல்பி எழுத்து இருக்கா எண்டு பாருங்க. கணினில வேகத்தைப் பாதியாக்கிச் சரிப்படுத்த ஏலாது. ஹெட் தடத்தையே ஒழுங்கா வாசிக்கல்ல.

அக்கரைப்பற்று_அலைவரிசை

ஐடென்ட் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஆண்டு பிரிக்க இதைவிட நல்ல அடையாளம் கிடைப்பது கடினம். நிகழ்ச்சி எப்போதும் மறு ஒளிபரப்பாக இருக்கலாம். ஆனால் ஐடென்ட் அந்த நாளில் ஓடியதுதான்.

பிபிசியின் முதல் அசையும் ஐடென்ட் 1953 டிசம்பர் 2இல் வந்தது. ஏப்ரம் கேம்ஸ் வடிவமைத்த 'வௌவால் சிறகு' அது. உங்கள் கசெட்டுகளில் அதற்கு இடமில்லை. விஎச்எஸ் இங்கிலாந்துக்கு வந்ததே 1978இல். எனவே உங்களுக்குத் தேவையானவை நான்குதான்.

கண்ணாடி உருண்டை: பிபிசி 1 வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிய 1969 நவம்பர் 15 முதல். சுழலும் உருண்டைக்குப் பின்னால் வளைந்த கண்ணாடி வைத்ததால் உலகம் தட்டையாக விரிந்து தெரியும். இது உண்மையான இயந்திர மாதிரி. அதன் முன் நின்றது கறுப்பு வெள்ளைக் கமெரா. நிறத்தை மின்னணு முறையில் ஏற்றினார்கள். அதனால் நிறம் தட்டையாக, நிழலேற்றம் இல்லாமல் இருக்கும். 1974 இறுதியிலிருந்து நீலத்தில் மஞ்சள், 1981 செப்டெம்பரிலிருந்து கடும் நீலத்தில் இளம்பச்சை. கசெட் 1க்கு கலர் திரும்பியதும் இந்த இரண்டில் எதுவென்று பாருங்கள்.

கணினி உருண்டை: 1985 பெப்ரவரி 18 முதல். கசெட் 3 இதுதான். நீலக் கோளம் ஒளிபுகக்கூடியது, மறுபக்கத்து நிலப்பகுதியும் ஊடாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் பார்த்தாலும் முந்தியதோடு குழம்பாது.

புகை உருண்டை: 1991 பெப்ரவரி 16. மார்ட்டின் லாம்பி-நேர்ன் குழுவின் வேலை, லேசர் டிஸ்கிலிருந்து ஓட்டப்பட்டது. கசெட் 6 இந்தக் காலம். அதே நாளில் பிபிசி 2க்கும் புதிய '2' வரிசை வந்தது. அதற்கு முன் பிபிசி 2இல் 1986 மார்ச் 30 முதல் வெள்ளைப் பின்னணியில் 'டூ' என்ற எழுத்துக்கள் இருந்தன. கசெட்டில் எங்காவது பிபிசி 2 துண்டு வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலூன்: 1997 ஒக்டோபர் 4 முதல் 2002 மார்ச் 29 வரை. சிவப்பு உருண்டைப் பலூன் ஊர்களுக்கு மேலே பறக்கும். சாய்ந்த கட்டங்களில் இருந்த பிபிசி எழுத்து நேரான கட்டங்களுக்கு மாறியதும் அதே நாள்தான்.

இரண்டு இடங்களில் சறுக்கலாம். நத்தார் காலத்தில் ஆண்டுதோறும் தனி ஐடென்ட் போடுவார்கள். பட்டியலில் இல்லாத ஒன்றைக் கண்டால் முதலில் டிசம்பரைச் சந்தேகியுங்கள். மற்றது, ஒரு கசெட் என்றால் ஒரு நாள் என்று எண்ண வேண்டாம். மேலே மேலே பதிந்த கசெட்டில் புதிய பதிவு முடியும் இடத்துக்குப் பிறகு பழைய பதிவின் வால் மிஞ்சியிருக்கும். கடைசி அங்குலம் வரை ஓட்டிப் பாருங்கள்.

நிகழ்ச்சி முடிவில் பிபிசி பெயரோடு ரோம எண் வரும். எம்சிஎம்எல்எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஐவி என்றால் 1984. அது தயாரித்த ஆண்டு. ஒளிபரப்பு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஐடென்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடைவெளி நன்றாகச் சுருங்கும்.

மிக முக்கியமாக ஒன்று கேட்கிறேன்: மாற்றும்போது நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் உள்ள அரை நிமிடத்தை வெட்டி எறியாதீர்கள். எல்லோரும் அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். கசெட்டின் திகதி அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது. ரூபவாஹினிப் பதிவுகளுக்கும் இதையே சொல்வேன். அது 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியது. அதன் பழைய ஐடென்ட்களும் இப்படி வீட்டுக் கசெட்டுகளின் ஓரங்களில்தான் மிஞ்சிக் கிடக்கின்றன.

கல்லடி_ஒளிநாடா

நன்றி அண்ணன், நன்றி நானா. சுவிட்ச் மீசீக்காமில்தான் கிடந்தது. கசெட் 1 இப்போது கலரில் ஓடுகிறது: இளம்பச்சை. கசெட் 2க்கு ஸ்கார்ட் மாற்றி போட்டதும் சத்தம் வந்துவிட்டது, அதுவும் பொன்னிற உருண்டை. லண்டன் டெக்கில் எல்பி இருக்கிறது. கசெட் 4 சரியான வேகத்தில் ஓடுகிறது, அதில் பலூன். கசெட் 3இன் சீப்பும் முட்டையும் சாய்வும் அப்படியே இருக்கின்றன.

செங்கலடி_பிரேம்

சீப்புப் பல் பழுது இல்லை. பால் ஒளிபரப்பில் செக்கனுக்கு 50 அரைப்படங்கள். ஒற்றை வரிகள் ஒரு கணம், இரட்டை வரிகள் அடுத்த கணம். இரண்டையும் ஒரே பிரேமில் நிறுத்திப் பார்த்தால் சுழலும் உருண்டையின் ஓரம் பல் பல்லாகத்தான் தெரியும். பதியும்போது அதைத் தொடாதீர்கள். ஹஃப்வைவியூவி போன்ற இழப்பற்ற கோடெக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் முறை) அப்படியே பதியுங்கள். சுருக்காமல் என்றால் மணிக்கு 75 ஜிபி, இதில் ஏறக்குறைய பாதி. இதுதான் மூலக் கோப்பு. பார்ப்பதற்கான பிரதியை எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில், அரைப்படங்களை முழுப்படங்களாக்கும் பிவ்டிஃப் பில்டர் போட்டு 50 பிரேமாக எடுங்கள். 25ஆகக் குறைத்தால் உருண்டையின் சுழற்சி திக்கித் திக்கி நகரும். 50இல் எடுத்தும் முன்னுக்குப் பின் துடித்தால் அரைப்பட வரிசை தலைகீழ் என்று அர்த்தம். ஈசிகேப் பெரும்பாலும் மேல் வரி முதல். டிவி (டிஜிட்டல் வீடியோ) கமெரா வழியாக எடுத்தால் கீழ் வரி முதல்.

முட்டை வடிவம் பிக்செல் கணக்கு. 720 × 576ஐச் சதுரப் பிக்செலாகக் காட்டினால் படம் ஒடுங்கும். படத்தின் அகல உயர விகிதம் 4:3 என்று கோப்பில் குறியிடுங்கள், அல்லது பார்க்கும் பிரதியை 768 × 576 ஆக்குங்கள். கணினி உருண்டையே நல்ல அளவுகோல்: உயரம் 300 பிக்செல் என்றால், மூலக் கோப்பில் அகலம் 275க்கும் 281க்கும் இடையில் இருக்க வேண்டும். 300ஆக இருந்தால் வழியில் ஏதோ ஒரு மென்பொருள் ஏற்கெனவே இழுத்திருக்கிறது.

மேற்பகுதி சாய்வது நாடாவின் இழுவிசை மாறியதால். பழைய ரீவி அதைச் சமாளிக்கும், ஈசிகேப் சமாளிக்காது. டெக்குக்கும் குச்சிக்கும் இடையில் பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கோடர் ஒன்றைப் போட்டு, அதன் ஊடாகச் சிக்னலை அனுப்புங்கள். டிஸ்க் டிரைவ் பழுதாக இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே வந்து வெளியே போகும் பாதை வேலை செய்தால் போதும். படத்தின் அடியில் 8, 10 வரி கிழிந்தாற்போல் வருவது ஹெட் மாறும் இடம், எல்லாக் கசெட்டிலும் உண்டு. பார்க்கும் பிரதியில் கறுப்பால் மறையுங்கள், மூலத்தில் வெட்டாதீர்கள்.

அக்கரைப்பற்று_அலைவரிசை

சரியான நாளே வேண்டுமென்றால் இன்னொரு வழி உண்டு. படத்துக்கு மேலே மறைந்திருக்கும் வரிகளில் பிபிசியின் சீஃபேக்ஸ் எழுத்துச் செய்தி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலைவரியிலும் கிழமை, நாள், மாதம், நேரம். விஎச்எஸ்ஸில் ஒற்றைப் பக்கத்தை நேராக வாசிக்க முடியாத அளவு மங்கிவிடும். ஆனால் ஒரே தலைவரி திரும்பத் திரும்ப வருவதால், பலதை ஒன்றின்மேல் ஒன்றாக ஒப்பிட்டு மீட்கும் இலவச மென்பொருள் இருக்கிறது.

ஈசிகேப்பில் இது நடக்காது. பிடி878 சிப் உள்ள பழைய பிசிஐ ரீவி கார்ட்டும் லினக்ஸும் வேண்டும். மறைவரிகளை மட்டும் பதிந்தால் மணிக்கு 6 ஜிபிக்குள். டிவிடி ரெக்கோடரை நடுவில் வைக்காதீர்கள், அது மறைவரிகளைப் புதிதாக எழுதிவிடும். எஸ்பி கசெட்டில் தொடங்குங்கள்.

கல்முனை_டெக்

கசெட் 5. மழை விட்ட பிறகு செய்யுங்க, மாரில வேணாம். முதல்ல சிலிக்கா ஜெல் பைகளோட காத்துப்போகாத டப்பாவில ரெண்டு கிழமை வைங்க. முகமூடி, கையுறை கட்டாயம். அஞ்சு திருகாணியைக் கழட்டி மூடியைத் தூக்குங்க. சுருளின்ட ஓரத்தை 99% ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் நனைச்ச, பஞ்சு உதிராத துணியால மெல்லத் துடைங்க. கடையில கிடைக்கிற 70% வேணாம், அதுல தண்ணி கூட. மறுகா, தூக்கி எறியிறதுக்கு வச்சிருக்கிற டெக் ஒண்டில நாடா போற வழியில அதே துணியைப் பிடிச்சு, முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு தரம் சுத்துங்க. துணியை அடிக்கடி மாத்துங்க. நாடா சுத்தமானதும் உடம்பைப் பழையபடி போடாம, நல்ல வேற கசெட்டின்ட உடம்பில ஏத்துங்க. பழைய பெட்டிக்குள்ள வித்து இருக்கும். ஹெட்டைத் துடைக்கையில மான்தோல் துணியைப் பக்கவாட்டில மட்டும், மேல கீழ அசைச்சா ஹெட் உடையும்.

கல்லடி_ஒளிநாடா

பழைய மேசைக் கணினியில் பிடி878 கார்ட் போட்டு கசெட் 6ஐ ஓட்டினேன். தலைவரி தெளிவாக வந்தது: ஞாயிறு, 17 பெப்ரவரி. ஆண்டு இல்லை. நிகழ்ச்சி முடிவில் ரோம எண் எம்சிஎம்எக்ஸ்சி.

அக்கரைப்பற்று_அலைவரிசை

பெப்ரவரி 17 ஞாயிறாக விழுந்த ஆண்டுகள் 1980, 1985, 1991, 2002. 1980இல் உருண்டை மஞ்சள். 1985இல் இளம்பச்சை, கணினி உருண்டை வருவதற்கு முந்திய நாள். 2002இல் பலூன். உங்களுடையதில் புகை உருண்டை, நிகழ்ச்சி 1990இல் தயாரானது. எனவே 1991 பெப்ரவரி 17: அந்த ஐடென்ட் தொடங்கி இரண்டாம் நாள். அந்தத் துண்டின் மூலக் கோப்பை இரண்டு வேறு டிஸ்கில் வையுங்கள்.

கல்லடி_ஒளிநாடா

கோப்புப் பெயரை 1991-02-17 என்று மாற்றிவிட்டேன், பிரதி இரண்டு டிஸ்கில் இருக்கிறது. அடுத்து கசெட் 2, பிறகு 3. இரண்டுமே 1985க்கும் 1991க்கும் இடையில், அதனால் தலைவரி வந்தால்தான் பிரிக்கலாம். கசெட் 5 சிலிக்கா டப்பாவுக்குள் போயிற்று. கல்முனை நானா, எறியும் டெக் ஒன்று உங்களிடம் இருக்குமா?

கல்முனை_டெக்

ஓம், ரெண்டு கிடக்கு. துணியும் அல்கஹோலும் நீங்க கொண்டு வாங்க.