"மரத்தில் பழுத்த கொடைக்கானல் பேரிக்காய்" – இதை யார் கிளப்பிவிட்டது? (விவசாய இணைய மன்றத்தில் நடந்த விவாதத் திரி; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் பெயர்)

குளிரறை
ஒரு வாரமாக எல்லா விவசாயக் குழுக்களிலும் ஒரே செய்தி சுற்றுகிறது. "கொடைக்கானல் பேரியைக் காயாகப் பறிக்காதீர்கள். மரத்திலேயே பழுக்க விட்டு, 'மரத்தில் பழுத்தது' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் பெல்ஜியம் பேரிக்காயின் விலை கிடைக்கும்." எழுதிய மகான் பேரி மரத்தைக் காலண்டரில்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

பேரி உள்ளேயிருந்து வெளியே பழுத்து வரும் பழம். மரத்தில் விட்டால் தோல் மஞ்சளாகும் நேரத்தில் விதையைச் சுற்றி மாவாகிப் பழுப்பேறியிருக்கும். கல் செல்கள் (சதையில் உள்ள கெட்டித் துகள்கள்) கூடி வாயில் மணல் நறநறக்கும். பெல்ஜியத்துக்காரன் கான்ஃபரன்ஸ் ரகத்தைச் செப்டம்பரில் கெட்டிக் காயாகப் பறித்து, மைனஸ் 1-லிருந்து 0 டிகிரிக்குள் வைத்து, அடுத்த வசந்தம் தாண்டியும் விற்கிறான். மரத்தில் பழுத்த கான்ஃபரன்ஸ் என்று சந்தையில் ஒன்று கிடையவே கிடையாது. அப்புறம் என்ன "பெல்ஜியம் விலை"?

நம் மலையில் இருக்கும் கீஃபர் ரகப் பேரிக்கு வழி ஒன்றுதான். காயாகப் பறி, 16 முதல் 18 டிகிரியில் இரண்டு மூன்று வாரம் வை. 27, 28-ஐத் தாண்டினால் பழுக்காது, அழுகும்.

மண்டிக்காரன்
அண்ணே, 16-18ன்னு சட்டம் போடுறீங்க. வத்தலக்குண்டுல மத்தியானம் 34 டிகிரி. சாக்குல கட்டி வைக்கோல் போட்டு வச்ச காய் நாலே நாள்ல மஞ்சளா நிக்குது. அது பழுக்காமத்தான் மஞ்சளாச்சா? யாவாரம் பண்றவன் கண்ணு பொய் சொல்லுமா?

குளிரறை
மஞ்சளாவது தோலில் பச்சையம் சிதைவது. பதமாவது சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைவது. கடும் வெப்பத்தில் முதல் வேலை நடக்கும், இரண்டாவது நடக்காது. அதனால்தான் உங்கள் மஞ்சள் காயைக் கடித்தால் ரப்பர். காயின் கெட்டித்தன்மையை அளக்கும், 8 மில்லிமீட்டர் முனை போட்ட பிரஷர் டெஸ்டரால் குத்திப் பாருங்கள். சாப்பிடும் பதம் என்றால் அழுத்தம் ஒன்றிலிருந்து இரண்டு கிலோவுக்குள் இறங்க வேண்டும். 34 டிகிரிச் சாக்கில் இறங்காது.

மண்டிக்காரன்
எங்க டெஸ்டர் கட்டைவிரல். அதுக்கு பேட்டரி வேணாம். 34 டிகிரில பழுக்குதுண்ணே, நீங்க 18லயே உக்காந்திருங்க.

புதுத்தோட்டம்
ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பழுத்தது என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? நிறத்தையா, பதத்தையா, இனிப்பையா? அதை முதலில் முடிவு செய்தால் பாதித் தகராறு தீருமே.

குளிரறை
அதெல்லாம் பிறகு பேசலாம் தம்பி. 34 டிகிரியில் கீஃபர் பழுக்குமா பழுக்காதா, அதுதான் இப்போது கேள்வி. பழுக்காது.

மேல்மலையான்
குளிரறை சார் ஐரோப்பியப் பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறார். பேரி எல்லாம் ஒரே சாதியா? பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கம் காய்க்கும் பத்தர்நாக் ஆசியப் பேரி. ஜப்பான்காரனின் ஹோசுய், கோசுய், நிஜிசெய்கி எல்லாம் அதே இனம். மரத்திலேயே முற்றவிட்டுப் பறித்து, அன்றைக்கே மொறுமொறுவென்று தின்கிறார்கள். அவர்களிடம் போய் "மரத்தில் பழுக்காது" என்று சொல்லிப் பாருங்கள். உலகத்துப் பேரி விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சீனாவில். அதில் பெரும்பாலும் மொறுமொறு வகைதான். அப்படியென்றால் உலகில் அதிகம் விற்கும் பேரி உங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

கீஃபர் யார் பிள்ளை? 19-ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியா பக்கம் சீனத்து மணல் பேரிக்கும் வில்லியம்ஸ் என்ற ஐரோப்பியப் பேரிக்கும் பிறந்தது என்றுதான் எல்லாத் தோட்டக்கலைப் புத்தகமும் சொல்லும். பாதி ரத்தம் ஆசியா. அப்புறம் எதற்கு முழுசாக ஐரோப்பியச் சட்டம்?

குளிரறை
பாதி ரத்தம் ஆசியா, சரி. அந்தப் பாதி கொடுத்தது கல் செல், நோய் தாங்கும் திறன், குறைந்த குளிரிலும் பூக்கும் குணம். பழுக்கும் விதம் மற்றப் பாதியிலிருந்து வந்தது. கீஃபரை மரத்திலிருந்து பறித்து ஹோசுய் மாதிரிக் கடித்துப் பாருங்கள், பல்லுக்கு நான் பொறுப்பில்லை. 16-18 டிகிரியில் வைத்தால் வெண்ணெய் அளவுக்கு வராது; ஆனாலும் சாறு இறங்கும், மணம் வரும். வேறு எந்த வழியிலும் வராது.

ஆயிரம் ரகத்துக்கும் ஒரே சட்டம் என்று நான் எங்கே சொன்னேன்? வில்லியம்ஸுக்குப் பழுக்கவைக்கும் முன் இரண்டு வாரம் குளிர் போதும். கோமீஸுக்கு ஒரு மாதம். அஞ்சூவுக்கு 60 நாள். அந்தக் குளிரைக் காட்டாமல் வெளியே எடுத்தால் அஞ்சூ ஒழுங்காகப் பழுக்காது. கீஃபருக்கு இந்த முன்குளிர் தேவையில்லை, அதனால்தான் ஏழை விவசாயிக்கு ஏற்ற ரகம். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: 16-18.

பெட்டிச்சரக்கு
கோயம்பேட்டில் இறக்குமதிப் பழம் கையாள்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்கா ஃபொரெல் ரகத்துக்கு 12 வாரம் மைனஸ் 0.5 டிகிரியில் கட்டாயக் குளிர் என்று வைத்திருந்தது. குறைத்தால் மாவாகிவிடும் என்பது காரணம். அப்புறம் அதே ஃபொரெல்லுக்கு 1-எம்சிபி என்ற வாயுவைக் கொடுத்துப் பழுப்பதை நிறுத்தி, 12 வாரம் காக்காமல், மொறுமொறுவென்று தின்பதற்கென்றே தனியாக ஏற்றுமதி தொடங்கினார்கள். ஆக, "பழுக்கவைத்தே தீர வேண்டும்" என்பதை விற்பவனே விட்டுவிட்டான்.

இங்கே வாங்குகிறவர் பேக்கம்ஸ் ரகப் பேரியைக் கூடப் பச்சையாகவே நறுக்கி மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்கிறார். அவருக்கு உங்கள் 18 டிகிரி எதற்கு? அவர் பார்ப்பது மூன்று விஷயம்: ஒரே அளவு, தழும்பில்லாத தோல், முறியாத காம்பு. 12.5 கிலோ அட்டைப்பெட்டியில், காய்க்குக் காய் தாள் சுற்றி வருகிறது. கொடைக்கானல் சரக்கு சாக்கில் வருகிறது. விலை வித்தியாசம் அங்கேயே முடிந்தது.

குளிரறை
1-எம்சிபி போட்ட காயை உதாரணம் காட்டுவது, பழுப்பதைத் தடுத்த காயைக் காட்டிப் பழுப்பதைப் பற்றி வாதாடுவது. இதற்கு மேல் என்ன சொல்ல?

மண்டிக்காரன்
சாக்குன்னா அவ்ளோ எளக்காரமா? மரம் 25 அடி ஒசரம். தொரட்டிய மாட்டி உலுக்கினா பாதி தரைல. அடிபட்ட காய அட்டைப்பெட்டில போட்டா மட்டும் தழும்பு மறைஞ்சிருமா? மொதல்ல மரத்த சின்னதாக்கச் சொல்லுங்க குளிரறை அண்ணனை.

குளிரறை
இதில் மட்டும் மண்டிக்காரர் வழி தவறி உண்மைக்கு வந்துவிட்டார். விதைக் கன்றின் மேல் ஒட்டிய மரம் அப்படித்தான் வளரும். பெல்ஜியத்தில் பேரிக்கு உறவான குவின்ஸ் மரத்தின் வேர்ச்செடி மேல் ஒட்டி, ஹெக்டேருக்கு 2,500-க்கும் மேல் மரம் வைத்து, மூன்று மீட்டரில் நிறுத்துகிறான். குவின்ஸ் எல்லா ரகத்தோடும் சேராது. வில்லியம்ஸை நேரடியாக ஒட்டினால் சில வருடத்தில் ஒட்டு முறியும். நடுவில் இரண்டோடும் சேரும் பூரே ஹார்டி என்ற பேரி ரகத்தின் துண்டு வைக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுக்கும். இங்கே அதெல்லாம் வேண்டாம் என்றால், இருக்கிற மரத்தில் நேரே மேலே போகும் கிளைகளை 45 முதல் 60 டிகிரிக்கு வளைத்துக் கட்டுங்கள். இரண்டு வயதுக் கிளையில் காய்முடிச்சு வரும், உயரம் அடங்கும். கவாத்தை இலையுதிர்ந்து மரம் உறங்கும்போது முடிக்க வேண்டும்.

பறிப்பது எப்படி என்பதும் இங்கே யாருக்கும் தெரியவில்லை போல. தொங்கும் காயை உள்ளங்கையில் ஏந்திக் கிடைமட்டத்துக்குத் தூக்கினால், முற்றிய காய் காம்பு மூட்டில் தானே விடும். இழுக்கக் கூடாது. தோலில் உள்ள வெள்ளைப் புள்ளிகள் பழுப்பாக மாறியிருக்கும், கரும்பச்சை இளம்பச்சையாகியிருக்கும். காம்பு பக்கத்துக் காயைக் குத்தாமல் அடுக்க வேண்டும். குத்திய ஓட்டையில்தான் நீலப் பூசணம் நுழையும். பிறகு 16-18.

நீலகிரியான்
எங்கள் குன்னூரில் பழவியல் நிலையம் எவ்வளவு காலமாகப் பேரி வளர்க்கிறது. அங்கே போய்க் கேட்டால் முடிந்தது. கொடைக்கானல்காரர்களுக்கு நீலகிரியிடம் கேட்பதென்றால் கௌரவக் குறைச்சல்.

மேல்மலையான்
வந்துட்டாரய்யா. பூண்டுத் திரியில் வாங்கியது போதாதா? பூம்பாறைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு வந்ததிலிருந்து இவருக்கு வயிற்றெரிச்சல்.

நீலகிரியான்
பூண்டு பூண்டு என்று எத்தனை வருடம் ஓட்டுவீர்கள்? பேச்சு பேரியைப் பற்றி.

தேனி_சேம்பர்
வாழைப்பழம் பழுக்க வைக்கிற அறை எங்ககிட்ட இருக்கு. அதுவும் 16-18லதான் ஓடுது. பழுக்க வைக்கிற எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு), 24 மணி நேரம், ஈரப்பதம் 90க்கு மேல. கரியமில வாயு 1 சதவீதத்தைத் தாண்டாம காத்து மாத்திக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா எத்திலீன் குடுத்தும் பிரயோசனம் இல்ல. உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிச்ச அளவும் அதே 100தான். மலைல இருந்து இறங்கி வர்ற காயை நேரா கொண்டாந்தா முடிச்சுத் தரலாம்.

குளிரறை
பாருங்கள். 16-18.

மண்டிக்காரன்
தம்பி, கணக்கச் சொல்லு. வாழைக்கு நாலஞ்சு நாள்ல உன் ரூம் திரும்பிரும். இந்தக் கல்லுக்காய் எத்தன நாள் ரூமை அடைச்சுக்கிட்டு நிக்கும்? அந்த வாடகைய யாரு குடுப்பா, குளிரறை அண்ணனா? ஜூலை ஆகஸ்டுல பஞ்சாப் நாக் பேரியும் காஷ்மீர் பக்குகோஷா பேரியும் லாரி லாரியா இறங்கும்போது எங்க காயும் இறங்குது. வாடகை குடுத்துப் பழுக்க வச்சு அதுங்களோட மல்லுக்கட்டவா?

தேனி_சேம்பர்
நாள் கூடத்தான் ஆகும், மறுக்கல. எத்திலீன் குடுத்தா குறையும். வாழையும் பேரியும் ஒரே அறைல கலக்க முடியாது, அதுவும் உண்மை.

மேல்மலையான்
சாக்கில் நாலே நாளில் மஞ்சள் என்றால் உள்ளே வேறு ஏதாவது கல்லும் இருக்கிறதோ?

மண்டிக்காரன்
கார்பைடுன்னு நேரா சொல்லுங்க, எதுக்கு சுத்தி வளைக்கிறீங்க? காயப் பழுக்க வைக்கக் கூடாதுன்னு தடை பண்ணின சாமான். யார் மேல பழி போடுறீங்கன்னு யோசிச்சுப் பேசுங்க. நீங்க மேல்மலைல ராத்திரி பிஞ்சோட உலுக்கி அனுப்புறத நாங்க கேக்கலையே?

மேல்மலையான்
மரத்தில் விட்டால் வௌவால் தின்கிறது, கீழே விழுந்ததைக் காட்டெருமை தின்கிறது. வேலி போட்டால் வேலியையும் மிதித்துவிட்டுப் போகிறது. சீக்கிரம் பறிக்காமல் என்ன செய்வது? அந்த வாட்ஸப் செய்தி எழுதியவர் வந்து இரவுக் காவலுக்கு நிற்பாரா?

குளிரறை
பிஞ்சில் பறித்தால் பின்னால் சுருங்கும், எந்த அறையிலும் இனிப்பு ஏறாது. மரத்தில் விடுவதும் தப்பு, பிஞ்சில் பறிப்பதும் தப்பு. நடுவில் இருப்பது சில நாள் இடைவெளி. அதைப் பிடிக்கத்தான் டெஸ்டர்.

கீழ்மலையான்
எதற்கு இவ்வளவு சண்டை? பேரியை வெட்டிவிட்டு பட்டர் ஃப்ரூட் வையுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் பாருங்கள். வியாபாரி தோட்டத்துக்கே வருகிறான்.

மேல்மலையான்
உங்கள் உயரம் வேறு, எங்கள் உயரம் வேறு. மன்னவனூர் பனியில் பட்டர் ஃப்ரூட் கன்று கருகிவிடும். கீழ்மலைக்காரர்களுக்கு எப்போதும் இந்த உபதேசம்.

பெட்டிச்சரக்கு
வெட்டுவது புதிதில்லை. இத்தாலியில் அபாத்தே ஃபெத்தெல் என்ற பேரி ரகத் தோட்டங்களையே பிடுங்குகிறார்கள். 2018-ல் அந்த நாட்டின் மொத்தப் பேரி விளைச்சல் 7 லட்சம் டன்னை ஒட்டி இருந்தது, 2023-ல் 2 லட்சத்துக்கும் கீழே. வசந்தப் பனி, பழுப்புப் புள்ளி நோய், நாற்றமடிக்கும் நாவாய்ப்பூச்சி, மூன்றும் சேர்ந்து அடித்தது. பெல்ஜியத்துக்காரனும் 2014 ஆகஸ்டில் ரஷ்யா தடை போட்டதும் காயை வைத்துக்கொண்டு முழித்தான். அதற்கப்புறம்தான் புதுச் சந்தை தேடி அலைந்தான். இந்தியா 2017-ல் சீனப் பேரிக்குப் பூச்சி காரணம் சொல்லிக் கதவை மூடியதில் இங்கே இடம் காலியானது. அந்த இடத்தைப் பிடித்தது யார் என்று கடைத்தட்டைப் பார்த்தால் தெரியும். கொடைக்கானல் அதில் இல்லை.

நீலகிரியான்
அதைத்தான் நானும் சொல்கிறேன், கொடைக்கானல் அதில் இல்லை.

மேல்மலையான்
குன்னூர் இருக்கிறதா?

புதுத்தோட்டம்
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இந்த வருடம் காயை எந்த நிலையில் பறித்து, யாருக்கு, எதில் போட்டு அனுப்புவது?

குளிரறை
தம்பி, திரியை மேலிருந்து படியுங்கள். எல்லாம் சொல்லியாகிவிட்டது. மண்டிக்காரர் 34 டிகிரியில் பழுத்த ஒரே ஒரு காயை வெட்டிப் படம் போடட்டும், விதைப்பக்கம் தெரிகிற மாதிரி.

மண்டிக்காரன்
படம் போட்டா லைட்டிங்னு சொல்லுவீங்க. வாங்கிட்டுப் போனவங்க யாரும் திருப்பிக் கொண்டாரல, அது போதும் எனக்கு. ஏங்க தேனி, அந்த சேம்பர் வாடகை ஒரு கிரேட்டுக்கு எவ்ளோன்னு தனியா அனுப்புங்க. கொய்யாவுக்குக் கேக்குறேன், பேரிக்கு இல்ல.

தேனி_சேம்பர்
அண்ணே, கொய்யாவ யாருண்ணே சேம்பர்ல வைப்பா?