ஒப்டிபிளெக்ஸ் 9020 கொம்பியூட்டருக்கு ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் காட் பூட்டலாமோ? பவர் சப்ளை 290 வாட்ஸ்தான், உதவி தேவை

பாலைமரம் (புதுக்குடியிருப்பு):
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020 ஒண்டு இருக்கு, உயரமான மினி டவர் கேசிங், ஐ5-4590, ராம் 8 ஜிபி ஒரே ஸ்ரிக். ஒபிஸ் ஒண்டில பாவிச்சுக் கழிச்சதை கொழும்பில இருந்து எடுப்பிச்சனான். கலியாண வீடு சாமத்திய வீடு வீடியோ எடிட் பண்ணத்தான் பாவிக்கிறன், ப்ரீமியர்ல. முந்தின கமரா வீடியோவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, இப்ப கமராக்காரர் 4கே எச்.265 (வீடியோவை இறுக்கிச் சுருக்கிற முறை) எண்டு கொண்டுவந்து தருகினம், டைம்லைன்ல போட்டவுடன படம் நிண்டு நிண்டுதான் ஓடுது, நாதஸ்வரம் முன்னுக்குப் போகுது ஆக்கள் பின்னுக்கு வருகினம், எந்த இடத்தில வெட்டுறதெண்டே தெரியாது.

ஒரு பெடியன் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி விக்கிறான், நல்ல விலை. ஆனா அந்தக் காட்டில 6 பின் பவர் சொக்கெட் இருக்கு, என்ர பவர் சப்ளையில அப்பிடி ஒரு வயரும் வரேல்ல. கடையில கேட்டா சாட்டா வயரில இருந்து 6 பின்னுக்கு மாத்திற கொன்வேட்டர் இருக்கு, அதைக் கொழுவினாச் சரி எண்டினம். காசு குடுக்க முதல் தெரிஞ்ச ஆக்கள் ஒருக்காச் சொல்லுங்கோ.

மாங்குளம்_சந்தி:
தம்பி தயவுசெய்து உந்த கொன்வேட்டரைக் கொழுவாதேங்கோ. சாட்டா பவர் பிளக்கில 12 வோல்ட் போறது மூண்டு சின்னப் பின்னில, ஒரு பின் 1.5 அம்பியர்தான் தாங்கும், மூண்டையும் சேத்தா 54 வாட்ஸ். 6 பின் எண்டா 75 வாட்ஸ் எடுக்கலாம் எண்டுதான் காட் நினைக்கும். ரெண்டர் (எடிட் முடிஞ்ச வீடியோவை உருவாக்கிறது) போட்டிட்டு நீங்கள் சாப்பிடப் போயிடுவீங்கள், அந்த நேரம் முழுக்க காட் இழுத்துக்கொண்டே இருக்கும், பிளக் சூடாகி பிளாஸ்ரிக் இளகும். என்னட்டத் திருத்த வந்த மெசின் ஒண்டில பிளக் உருகி ஹார்ட் டிஸ்க்கோட ஒட்டிப் போய் இருந்தது, கத்தியாலதான் பிரிச்சனான், உள்ளுக்க இருந்த கலியாணம் ஒண்டு அதோட போட்டுது. உங்களிட்டயும் ஆக்களின்ர கலியாணம்தானே கிடக்குது.

1060 தனிய 120 வாட்ஸ் காட். உங்கட சிபியு 84. மதர்போர்ட், டிஸ்க், ஃபான் எல்லாம் சேத்தா 290க்குள்ள கணக்கு வருதுதான், ஆனா அந்தப் பவர் சப்ளையில காட்டுக்கெண்டு ஒரு வயரும் விடேல்ல, அதுவே பதில். 1060ஐ மறந்திடுங்கோ, எவ்வளவு மலிவெண்டாலும்.

அறிவியல்நகர்_பெடியன்:
அண்ணா, "அப்ப பவர் சப்ளையை மாத்துவம்" எண்டு அடுத்ததா யோசிப்பீங்கள் எண்டபடியா முதலே சொல்லுறன். 9020 மதர்போர்டில சாதாரண 24 பின் பிளக் வராது, டெல்லின்ர 8 பின்தான். கடையில விக்கிற ஏடிஎக்ஸ் பவர் சப்ளை நேர கொழுவேலாது, 24க்கு 8 எண்டு ஒரு மாத்து வயர் வேணும். செய்யலாம், ஆக்கள் செய்யினம், ஆனா மலிவுப் பவர் சப்ளை ஒண்டை 500 வாட்ஸ் எண்டு ஸ்ரிக்கர் ஒட்டி வித்தா அதை விட டெல்லின்ர 290 எவ்வளவோ மேல்.

மதர்போர்ட் ஸ்லொட்டே 75 வாட்ஸ் வரைக்கும் குடுக்கும். அதுக்குள்ள ஓடுற, தனி வயர் கேக்காத காட்தான் உங்களுக்குச் சரி. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650 ரெண்டும் 75 வாட்ஸ். ஆனா 1650இல சில கொம்பனி மொடலுக்கு 6 பின் வைச்சிருக்கிறாங்கள், அதால படத்தை மட்டும் பாத்து வேண்டாமல் காட்டின்ர மேல் விளிம்பைப் பாத்து வேண்டுங்கோ. ஏலுமெண்டா 1650 எடுங்கோ, 1050 டிஐ 2016இல வந்த காட், அந்தப் பரம்பரைக்கு என்விடியா புது கேம் டிரைவர் விடுறதை நிப்பாட்டிப்போட்டாங்கள், இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான்.

செம்பருத்தி (வவுனியா):
தம்பி நானும் எடிட்டிங்தான் செய்யிறனான், அதால காட்டை விட்டிட்டு முதல் வீடியோவைக் கேக்கிறன். அந்த எச்.265 பைல் 8 பிட்டோ 10 பிட்டோ, 4:2:0வோ 4:2:2வோ (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாப் பதிஞ்சிருக்கெண்ட கணக்கு)? மீடியாஇன்ஃபோ எண்டு சும்மா கிடைக்கிற சொப்ட்வெயர் ஒண்டில திறந்தாக் காட்டும். உங்கட ஐ5க்குள்ள இருக்கிற இன்டெல் கிராஃபிக்ஸ் எச்.264ஐ நல்லா விரிக்கும், எச்.265க்கு அதில ஹார்ட்வெயர் இல்லை, முழுப் பாரமும் சிபியுவில விழுது, அதாலதான் படம் நிக்குது. 4:2:0 எண்டா 10 பிட்டெண்டாலும் 1650 தூக்கும். 4:2:2 எண்டா 1650உம் தூக்காது, நீங்கள் காசைக் குடுத்திட்டு அதே நிண்டு நிண்டு ஓடுறதைத்தான் பாப்பீங்கள். அப்பிடியெண்டா ப்ராக்ஸி (எடிட் பண்ண மட்டும் பாவிக்கிற சின்னக் கொப்பி) செய்து எடிட் பண்ணுறதுதான் வழி, ராத்திரி போட்டு விட்டா விடிய எல்லாம் சின்ன பைலா இருக்கும்.

இன்னொண்டு, ஆர்எக்ஸ் 6400 எண்டு ஆரும் சொன்னா வேண்டாதேங்கோ. 53 வாட்ஸ், சின்னன், பழைய மெசினுக்கு வடிவாப் பொருந்தும் எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். அதில வீடியோ என்கோடரே (எக்ஸ்போர்ட் பண்ணேக்க வீடியோவைச் சுருக்கிற பகுதி) இல்லை. கேம் விளையாடுற ஆக்களுக்குச் சரி, எங்களுக்கு எக்ஸ்போர்ட் பண்ணேக்க வீடியோவைச் சுருக்கிற வேலைக்கு அது உதவாது. மற்றது ராம் ஒரே ஸ்ரிக்கில இருக்கிறது நல்லதில்லை, அதே மாதிரி டிடிஆர்3 8 ஜிபி இன்னொண்டு போடுங்கோ, காட்டுக்கு முதல் அதைச் செய்யுங்கோ எண்டுதான் சொல்லுவன்.

பாலைமரம்:
எல்லாருக்கும் பெரிய நன்றி, அக்கா சொன்ன மாதிரிப் பாத்தன், 10 பிட் 4:2:0 எண்டு காட்டுது. ராம் சொல்லிவிட்டிட்டன். இப்ப ஃபேஸ்புக்கில ஒராள் 1050 டிஐ 4 ஜிபி போட்டிருக்கிறார், மற்ற எல்லாரையும் விட அரைவாசி விலை, புதுப் பெட்டி. பின்பக்கம் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூண்டும் இருக்கு. என்ர மொனிட்டர் விஜிஏ மட்டும்தான், அதால எனக்கு வாய்ப்பா இருக்கும் போல. எடுக்கட்டோ?

மாங்குளம்_சந்தி:
எடுக்காதேங்கோ! 1050 டிஐயில விஜிஏ வராது. அந்தப் பரம்பரையோட என்விடியா பழைய அனலொக் சிக்னலையே விட்டிட்டாங்கள். விஜிஏ ஓட்டை இருக்குதெண்டா அது ஜிடிஎஸ் 450 மாதிரிப் பழைய சிப், காட்டுக்குள்ள இருக்கிற பயோஸ் எண்ட சொப்ட்வெயரை மாத்தி எழுதி 1050 டிஐ எண்டு பேர் காட்டச் செய்திருக்கும். விண்டோஸிலயும் 1050 டிஐ எண்டுதான் வரும், டிரைவர் போட்டவுடன ஸ்கிரீன் போகும். ஆரிட்ட வேண்டினாலும் காசு குடுக்க முதல் அவையின்ர மெசினில பூட்டி ஜிபியு-ஸி எண்ட, காட்டின்ர விபரம் காட்டுற சொப்ட்வெயரைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ, கள்ளக் காட்டெண்டா அதில கார்ட் பேருக்கு முன்னால ஃபேக் எண்டு போடும். காட்ட மாட்டன் எண்டா எழும்பி வாங்கோ.

பாலைமரம்:
கிளிநொச்சியில ஒராளிட்ட 1650 ஒண்டு கிடைச்சுது, 6 பின் இல்லாதது, ஒற்றை ஃபான், ஜிபியு-ஸியும் காட்டினவர். பூட்டியாச்சு, ஃபான் சுத்துது, விண்டோஸ் திறக்கிற சத்தமும் கேக்குது, ஆனா மொனிட்டர் கறுப்பு. பழைய மாதிரி மதர்போர்ட் விஜிஏயிலதான் வயர் கிடக்குது. காட்டில டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் இருக்கு. டிவிஐயில இருந்து விஜிஏக்கு மாத்திற சின்னக் கட்டை வீட்டில இருக்கு, அது உள்ளுக்கே போகுதில்லை.

அறிவியல்நகர்_பெடியன்:
காட் நல்லா இருக்கு அண்ணா, பயப்பிடாதேங்கோ. காட் பூட்டினவுடன மதர்போர்ட் விஜிஏயை மெசின் தானா நிப்பாட்டும். அந்தக் கட்டையை இறுக்கி அடிக்க வேண்டாம், காட்டில இருக்கிறது டிவிஐ-டி, அதில அனலொக் பின்னுக்கு ஓட்டையே இல்லை. எச்டிஎம்ஐயில இருந்து விஜிஏக்கு மாத்திற, உள்ளுக்க சிப் இருக்கிற கொன்வேட்டர் வேண்டுங்கோ, வெறும் வயர் வேலை செய்யாது.

செம்பருத்தி:
கொன்வேட்டர் இப்போதைக்குக் காணும், ஆனா கலர் பாக்கிற வேலையெண்டா ஒரு எச்டிஎம்ஐ மொனிட்டருக்குக் காசு சேருங்கோ தம்பி. கூறைச் சேலையின்ர சிவப்பு விஜிஏயில ஒரு நிறமும் டிவியில ஒரு நிறமுமா வரும், வீட்டுக்காரர் அதைத்தான் முதல் பாப்பினம்.

பாலைமரம்:
வந்திட்டுது! டிரைவர் போட்டன், ப்ரீமியர்ல குடா (என்விடியா காட்டால வேலை செய்விக்கிற செற்றிங்) வைச்சன், அதே 4கே பைல் இப்ப நிக்காமல் ஓடுது, ரெண்டு ட்ரக் மேல மேல போட்டாத்தான் கொஞ்சம் இழுக்குது. எக்ஸ்போர்ட்டும் நல்ல வேகம். ஒரு கேள்விதான் மிச்சம், ரெண்டர் ஓடேக்க காட் 78 பாகை காட்டுது, பிழையோ?

மாங்குளம்_சந்தி:
78 பரவாயில்லை, ஒற்றை ஃபான் காட்டுக்கு அப்பிடித்தான். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில உள்ளுக்க போற புழுதிதான் எங்கட பக்கத்தில காட்டைக் கொல்லுறது, கேசிங்கை நிலத்தில வைக்காமல் மேசையில ஏத்துங்கோ, மாதத்துக்கு ஒருக்கா மெசினை நிப்பாட்டிப்போட்டு, ஃபானை விரலால பிடிச்சுக்கொண்டு ஊதி விடுங்கோ. பின்னேரம் தோட்டத்து மோட்டர்கள் போட்டவுடன கறண்ட் இறங்கிற இடமெண்டா யூபிஎஸ் இல்லாமல் ரெண்டர் போட வேண்டாம்.