மின்சாரம் நின்றபோது பொட் ஒரே ஓடரை இருமுறை அனுப்பிவிட்டது: எப்படித் தடுப்பது?

கேள்வி (பரந்தன்):
வணக்கம். வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில், பினான்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தைத் தளத்திலுள்ள என் கணக்கோடு இணைத்த பைத்தன் பொட் (தானாக வாங்கி விற்கும் நிரல்) ஒன்றை இயக்கி வருகிறேன். கடந்த வாரம் இடிமழையில் மின்சாரம் நின்றது. மடிக்கணினி பற்றரியில் தொடர்ந்து இயங்கினாலும் ரவுட்டர் அணைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அனுப்பிய 50 டொலர் சந்தை ஓடருக்கு (அப்போதைய சந்தை விலையிலேயே உடனே நிறைவேற்றும் ஓடர்) பதில் வராததால், பொட் அதைத் தோல்வி என எடுத்துக்கொண்டு, இணைப்பு வந்ததும் மீண்டும் அனுப்பியது. இரண்டுமே நிறைவேறியிருந்தன. ஒவ்வொரு ஓடருக்கும் நானே ஓர் அடையாள எண் கொடுத்தால் போதுமா?

பதில் (வவுனியா):
போதாது, தம்பி. முந்தைய ஓடர் நிறைவேறாமல் நிற்கும்வரைதான் அதே எண்ணுடன் வரும் இன்னொன்றை பினான்ஸ் மறுக்கும், நிறைவேறிவிட்டால் ஏற்றுக்கொள்ளும். சந்தை ஓடர் கண்மூடித் திறப்பதற்குள் நிறைவேறிவிடுமே! அந்த எண் விசாரிப்பதற்கே உதவும்.

பதில் வராததைத் தோல்வி என்று எழுதியதுதான் அடிப்படைப் பிழை. -1007 என்ற பிழைக்குறி வந்தாலும், ஓடர் நிறைவேறியதா இல்லையா என்பது தெரியவில்லை என்றே பொருள். ஆகவே அனுப்புவதற்கு முன்னரே எண்ணையும் தொகையையும் வன்தட்டில் பதிந்துவைத்து, இணைப்பு திரும்பியதும் முதலில் அந்த எண்ணைக் கொண்டு ஓடரின் நிலையை விசாரியுங்கள். அனுப்பிய கோரிக்கையை பினான்ஸ் ஏற்பதற்கான காலக்கெடு, நீங்கள் மாற்றாதவரை, 5,000 மில்லிசெக்கன். அது கடக்குமுன் "அப்படி ஓர் ஓடர் இல்லை" என்று வரும் பதிலை நம்பி மறுபடி அனுப்ப வேண்டாம். உண்மையில் இல்லையென்று உறுதியானாலும் அன்றைய விலையைப் புதிதாகப் பார்த்த பின்னரே முடிவெடுங்கள்.

பதில் (முல்லைத்தீவு):
அண்ணா சொன்னதோடு, ஒரு நாளின் மொத்தத் தொகைக்கும் ஓடர்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வையுங்கள்; அதை வாங்கி விற்கும் வியூகம் எழுதிய நிரலுக்குள் வைக்காமல் தனியாக நிறுத்துங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் சுமார் 45 நிமிடங்களில் 440 மில்லியன் டொலருக்கு மேல் இழந்ததும் பங்குச்சந்தையில் இதே வகைப் பிழையால்தான்: ஒரு சேவையகத்தில் எஞ்சியிருந்த பழைய நிரல், ஓடர்கள் நிறைவேறிவிட்டதை அறியாமல் மேலும் மேலும் அனுப்பிக்கொண்டே இருந்தது. பொட் உங்கள் கணக்கை அணுகப் பயன்படுத்தும் ஏபிஐ சாவியில் பணம் வெளியே எடுக்கும் அனுமதியையும் கட்டாயம் நீக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. சோதனைத் தளத்தில், ஓடர் போனதும் பதிலை வாசிக்குமுன் ரவுட்டர் வயரைக் கழற்றிப் பார்த்தேன். மீண்டும் செருகியதும் பொட் விசாரித்து, "நிறைவேறியது" எனப் பதிந்துகொண்டது; இரண்டாவது ஓடர் போகவில்லை.