ஐப்பசியில் அடைமழை வராத அந்த ஒரு வாரம் உங்கள் காட்டில் எப்படிப் போனது? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயிகள் எழுதியவை

தளி ராகிக்காடு:
தீபாவளி முடிந்து மழையும் இல்லாமல் வெயிலும் ஏறாமல் மூடாப்பாகவே போனதே, அந்த வாரம்தான். ராகி கதிர் முற்றிக்கொண்டிருந்தது, ராத்திரியெல்லாம் பரணில் காவல். ஐந்தாம் நாள் விடிகாலை. பனியில் டார்ச் வெளிச்சம் நாலடிகூடப் போகவில்லை. வரப்போரம் புதிதாக ஒரு பாறை நிற்கிற மாதிரி இருந்தது. காது அசைந்தபிறகுதான் யானை என்று தெரிந்தது. ஒரு பிடி ராகியை வேரோடு பிடுங்கி, முன்காலில் தட்டித் தட்டி மண்ணை உதறியது. அவ்வளவு நிதானம். வெடி கையிலேயே இருந்தது, நான் பற்ற வைக்கவில்லை. கால் ஏக்கர் போயிற்று. ஏன்டா சும்மா இருந்தாய் என்று அப்பா இன்னும் கேட்கிறார். என்ன சொல்வது?

பென்னாகரம் கொட்டாய்:
எங்கள் ஆயா மூன்று மாதமாகப் படுக்கை. அந்த வாரம் கட்டிலைத் தூக்கி வாசலில் போடச் சொன்னது. வேலியில் அவரை அப்போதுதான் பூ விட்டிருந்தது. ஒரு கொத்தை இழுத்து முகத்தோடு வைத்துக்கொண்டு, "வெயிலும் சுடலை, காத்தும் குத்தலை, இனி பனி விழுந்தா காய் பிடிச்சிக்கும்" என்றது. கார்த்திகையில் போய்விட்டது. மார்கழியில் வேலி முழுக்கக் காய். எங்கள் வீட்டில் யாரும் அதில் கை வைக்கவில்லை.

பாலக்கோடு தக்காளி:
தளித் தம்பி, அந்த மூடாப்பும் பனியும்தான் எங்களைச் சாய்த்தது. முதல் நாள் ஒரு இலையில் கருகல் பார்த்தேன், நாலாம் நாள் சால் முழுக்க. அதனால் நல்ல வாரம் என்று யாரும் எழுதாதீர்கள். உங்கள் ராகிக்கும் அந்த ஈரத்தில் குலை நோய் வந்திருக்கும், கதிரின் கழுத்து கறுத்திருக்கிறதா பாருங்கள். வெடி போடாதது சரிதான், கிட்டத்தில் போட்டால் மிரண்டு பரண் பக்கமே திரும்பும். ஆனால் தனியாகப் பரண் ஏறாதீர்கள். சேதத்தைப் படம் எடுத்து, சிட்டா அடங்கலோடு வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். விஏஓவையும் நேரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அறுத்துவிட்டுப் போனால் எதைப் பார்த்து எழுதுவார்கள்?

மல்பெரித் தோட்டம், காரிமங்கலம்:
எனக்கு அது நல்ல வாரம்தான் அண்ணா, சொல்லத்தான் சங்கடமாக இருக்கிறது. பட்டுப்புழு நாலாம் தோலுரிப்பு முடிந்து, ஐந்தாம் பருவத்தில் தின்கிற சமயம். நடுராத்திரி சடசடவென்று சத்தம். மழை வந்துவிட்டது என்று காயப்போட்ட நிலக்கடலையை அள்ள ஓடினேன். வெளியே ஒரு துளி இல்லை. வளர்ப்பு மனைக்குள் புழு இலை தின்கிற சத்தம் அது. களத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதிதாகப் புழு வளர்ப்பவர்களுக்கு ஒன்று. இப்படி மூடாப்பு போட்டால் பனி ஈரத்தோடு இலை வெட்டிப் போடாதீர்கள். ஐந்தாம் பருவத்துக்கு 24 டிகிரி வெப்பமும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் போதும். ஈரம் கூடினால் சுண்ணாம்புக்கட்டி நோய் வரும். படுக்கையில் சுண்ணாம்புத்தூள் தூவி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். புழுவைக் கூடு கட்டுவதற்கான தட்டில், அதாவது சந்திரிகையில், விட்ட பிறகும் காற்றோட்டம் வேண்டும், இல்லையென்றால் தருமபுரி அங்காடியில் பட்டுக்கூட்டுக்கு விலை கிடைக்காது.

தளி ராகிக்காடு:
பாலக்கோடு அண்ணா, யானை போன பிறகு படம் எடுத்தேன். ஒன்றுமே விழவில்லை, வெறும் வெள்ளைதான். அதை இன்னும் அழிக்கவில்லை.