ஒரே ஆர்கனைசேஷன், ஐந்து ப்ராஜெக்ட், 20 சிஐ இடங்கள்: எப்படிப் பங்கிடுவது?

பில்ட்_காவலர்:
கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஒரே ஆர்கனைசேஷனின் கீழ் ஐந்து ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் வைத்திருக்கிறோம், எல்லாமே பப்ளிக் ரெப்போ (யாரும் பார்க்கக்கூடிய கோட் களஞ்சியம்). அதனால் சிஐ, அதாவது கோட் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனைகள், எத்தனை நிமிடம் ஓடினாலும் கவலை இல்லை. ஒரே சமயத்தில் எத்தனை ஜாப் (தனித்தனிச் சோதனை வேலை) ஓடலாம் என்பதில்தான் தகராறு. இலவச பிளானில் மொத்தம் 20, அதற்குள் மேக்ஓஎஸ் 5, இதை ஐந்து பேரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஐந்தில் பெரியது ஒரு டேட்டாபேஸ் லைப்ரரி. 3 ஓஎஸ், 4 பைத்தான் பதிப்பு, 4 டேட்டாபேஸ் என்று அதன் மேட்ரிக்ஸ் (இவற்றின் எல்லாச் சேர்க்கைகளும்) மட்டும் 48 ஜாப், ஒவ்வொன்றும் சுமார் 25 நிமிடம். யாராவது ஒரு புல் ரெக்வெஸ்டில் (சேர்த்துக்கொள்ளக் கேட்டு அனுப்பும் கோட் மாற்றம்) அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை புஷ் பண்ணினால் போதும், மற்ற நான்கும் அப்படியே நின்றுவிடுகின்றன. ஆவணத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பும் புதியவர் இரண்டு நிமிட லின்ட் (நடைச் சரிபார்ப்பு) ஜாபுக்காக மணிக்கணக்கில் காத்திருக்கிறார், பலர் அதோடு சரி, திரும்பி வருவதே இல்லை. பெரிய ப்ராஜெக்ட்காரர்கள் வேண்டுமென்று செய்யவில்லை, அத்தனை சோதனையும் தேவை என்கிறார்கள். ஆளுக்கு நான்கு இடம் என்று பிரித்துவிட வழி உண்டா?

மேட்ரிக்ஸ்_மணி:
கிட்ஹப் ரன்னர்களை (ஜாப்களை ஓட்டும் மெஷின்கள்) ரெப்போ வாரியாகப் பங்கு போட்டுக் கொடுக்கும் அமைப்பு கிடையாது. ஒரே சமயத்தில் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் கான்கரன்சி குரூப்பும் ஒரு ரெப்போவுக்குள் மட்டுமே வேலை செய்யும், பக்கத்து ரெப்போவை அது கண்டுகொள்ளாது. வழி இருந்தாலும் ஆளுக்கு நான்கு வேண்டாம் என்பேன், ஏனென்றால் மற்றவர்கள் தூங்கும் நேரத்தில் 16 இடம் சும்மா கிடக்கும், பெரிய ப்ராஜெக்டோ நான்கை வைத்துக்கொண்டு 48 ஜாபை ஓட்ட ஐந்து மணி நேரம் திணறும்.

உங்கள் எண்களை வைத்தே பாருங்கள். 48-ல் 16 ஜாப் மேக். ஒரு சமயத்தில் 5 மேக்தான் ஓடும், ஆக நான்கு சுற்று, 100 நிமிடம். மீதி 32 ஜாபுக்கு 15 இடம் கிடைத்தாலே மூன்று சுற்றில், அதாவது 75 நிமிடத்தில் முடிந்துவிடும். எனவே கழுத்தைப் பிடிப்பது மேக். நான்கு டேட்டாபேஸையும் நான்கு பைத்தானோடும் மேக்கில் ஓட்டித்தான் ஆக வேண்டுமா? புல் ரெக்வெஸ்டில் மேக்குக்கு மிகப் பழைய பதிப்பு ஒன்று, மிகப் புதியது ஒன்று, அவ்வளவு போதும். முழு மேட்ரிக்ஸை இரவில் ஒரு முறை ஓட்டுங்கள்.

அடுத்தடுத்து புஷ் பண்ணுவதற்கு கேன்சல்-இன்-ப்ராக்ரஸ் போடுங்கள், பழைய கமிட்டின் (முன்பு பதிந்த மாற்றத்தின்) ஜாப்கள் உடனே விலகிவிடும். மெயின் கிளைக்கு மட்டும் அதைப் போடாதீர்கள், எந்த கமிட் உடைத்தது என்று பிறகு தேடும்போது தடயமே இருக்காது.

இரவு_ரன்னர்:
ஜாபுக்கு நேர வரம்பு போடும் டைம்அவுட்-மினிட்ஸ் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எதுவும் சொல்லாவிட்டால் கிட்ஹப்பில் அது 360 நிமிடம். டேட்டாபேஸ் சோதனையில் ஒரு கனெக்‌ஷன் தொங்கிவிட்டால் அந்த ஜாப் ஆறு மணி நேரம் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், யாருக்கும் தெரியாது. 25 நிமிட ஜாபுக்கு 40 என்று எழுதினால் தீர்ந்தது. அப்புறம் அவ்வப்போது காரணமில்லாமல் தோற்கும் சோதனைகளுக்காக மொத்தத்தையும் மறுபடி ஓட்டாமல், தோற்ற ஜாப்களை மட்டும் ஓட்டச் சொல்லுங்கள்.

கேட்_பைப்லைன்:
எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, யாருக்கு எத்தனை இடம் என்பதைவிட யார் அடுத்து என்பது. ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள் ப்ராஜெக்ட் இதே சிக்கலோடு பல ஆண்டுகள் போராடியது. அங்கே நூற்றுக்கணக்கான ரெப்போக்கள், பல கிளவுட் நிறுவனங்கள் நன்கொடையாகக் கொடுத்த மெஷின்கள், எல்லாவற்றுக்கும் ஒரே ஜூல் (சிஐ ஜாப்களை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள்). வந்த வரிசைப்படியே ஓடியபோது பெரிய ப்ராஜெக்டுகளின் பின்னால் சிறியவை கிடந்தன. பிறகு ஜூலில் ஒப்பீட்டு முன்னுரிமை என்று கொண்டுவந்தார்கள்: ஒரு ப்ராஜெக்ட் ஏற்கெனவே வரிசையில் எத்தனை மாற்றங்களை வைத்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் அடுத்த மாற்றம் பின்னால் போகும். பத்து மாற்றம் அனுப்பியவரின் பதினொன்றாவதுக்கு முன்னால், ஒன்றே ஒன்று அனுப்பியவரின் மாற்றம் ஓடிவிடும். யாருக்கும் கோட்டா இல்லை, இடம் காலியாக இருந்தால் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

கிட்ஹப்பில் இதை அப்படியே செய்ய முடியாது. கிட்டத்தட்ட இதே பலனுக்கு பெரிய ப்ராஜெக்டின் மேட்ரிக்ஸில் மேக்ஸ்-பேரலல் 12 என்று போடலாம். அது ஒரு ஓட்டத்துக்கான வரம்புதான், இரண்டு புல் ரெக்வெஸ்ட் ஒரே நேரத்தில் வந்தால் 20-ம் நிரம்பிவிடும். இருந்தாலும் இப்போது இருப்பதற்கு எவ்வளவோ மேல்.

பில்ட்_காவலர்:
மேக் கணக்கை அவர்களிடம் காட்டினேன், உடனே ஒத்துக்கொண்டார்கள். இன்னொன்று: ஒருவர் தன் பழைய சர்வரைத் தருகிறேன் என்கிறார். செல்ஃப்-ஹோஸ்டட் ரன்னராக, அதாவது நாமே நடத்தும் மெஷினாகச் சேர்க்கலாமா? இன்னொருவர் புதிதாக இரண்டு ஆர்கனைசேஷன் திறந்தால் 60 இடம் ஆகிவிடுமே என்கிறார்.

இரவு_ரன்னர்:
பப்ளிக் ரெப்போவில் செல்ஃப்-ஹோஸ்டட் வேண்டாம். கிட்ஹப்பின் ஆவணமே அதைத்தான் சொல்கிறது. ஃபோர்க்கிலிருந்து (வெளியாள் எடுத்த நகலிலிருந்து) வரும் புல் ரெக்வெஸ்டின் கோட் அந்த மெஷினில் ஓடும், ஜாப் முடிந்தாலும் மெஷின் அழியாது, ஒருவர் விட்டுவைத்தது அடுத்த ஜாபிலும் இருக்கும். மெர்ஜ் ஆன (முதன்மைக் கோடில் சேர்ந்த) பிறகு ஓடும் இரவுச் சோதனைக்கு மட்டும், ஒவ்வொரு ஜாபுக்கும் புதிய விர்ச்சுவல் மெஷின் எழுப்பித் தர அவரால் முடிந்தால் யோசிக்கலாம்.

இடத்துக்காக ஆர்கனைசேஷன் திறப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டிராவிஸ் சிஐ என்ற சேவை 2020 நவம்பரில் ஓப்பன் சோர்ஸுக்கான இலவசத்தைச் சுருக்கியபோது துஷ்பிரயோகத்தையும் ஒரு காரணமாகச் சொன்னது, மறு ஆண்டு கிட்ஹப்பின் சிஐ சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலும் கிரிப்டோ மைனிங் ஆட்கள் புகுந்தது செய்தியானது. இலவசமாகக் கிடைப்பதை நாமும் சுரண்டினால் நஷ்டம் எல்லா ப்ராஜெக்டுக்கும்தான். பல ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டுகளை நடத்தும் அப்பாச்சி ஃபவுண்டேஷன் மாதிரி எழுத்தில் ஒரு விதி வையுங்கள். அங்கே ஒரு வொர்க்ஃப்ளோ (ஜாப்களின் தொகுப்பு) ஒரே நேரத்தில் 20 ஜாபுக்கு மேல் ஓட்டக் கூடாது, வார சராசரிக்கும் உச்சவரம்பு உண்டு.

மேட்ரிக்ஸ்_மணி:
ஆவணத் திருத்தங்களுக்கு மேட்ரிக்ஸை நிறுத்த பாத்ஸ் வடிகட்டி (எந்தக் கோப்பு மாறினால் ஓட வேண்டும் என்ற விதி) போடுவீர்கள் என்று நினைக்கிறேன், அதில் ஒரு கண்ணி இருக்கிறது. மெர்ஜுக்குக் கட்டாயம் என்று குறித்த செக்கின் வொர்க்ஃப்ளோவை பாத்ஸ் வைத்துத் தவிர்த்தால், அந்த செக் கடைசிவரை பெண்டிங்கிலேயே நிற்கும், புல் ரெக்வெஸ்ட் மெர்ஜ் ஆகாது. அதனால் வொர்க்ஃப்ளோ எப்போதும் தொடங்கட்டும். எந்தக் கோப்புகள் மாறின என்று பார்க்க முதலில் ஒரு சின்ன ஜாப், அதன் விடையை வைத்து மேட்ரிக்ஸ் ஜாபில் இஃப் என்ற நிபந்தனை. இஃப் மூலம் தவிர்க்கப்பட்ட ஜாபை கிட்ஹப் வெற்றி என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.