ரப்பர் பால்வெட்டில் சிலருக்கு மட்டும் அந்தக் கை எப்படி வருகிறது?

திற்பரப்புக்காரன்:
எங்கள் ரப்பர் தோட்டத்தில் இரண்டு பேர் பால் வெட்டுகிறார்கள், அதாவது பால் வடிய மரப்பட்டையைக் கத்தியால் சீவுகிறார்கள். இருவருமே சின்ன வயதிலேயே கத்தி பிடித்தவர்கள், மரமும் ஒரே வயசு மரம்தான். ஆனால் ஒருவர் வெட்டின பக்கம் புதுப்பட்டை வழவழவென்று வந்திருக்கிறது, மற்றவர் வெட்டினதில் எங்கு தொட்டாலும் முண்டும் முடிச்சும், அதில் இனி ஒழுங்காகக் கத்தி ஓடாது. அனுபவம்தான் எல்லாம் என்றால் இது எப்படி? பிறவியிலேயே வருகிற கையா?

அருமனை வெட்டுக்காரன்:
பிறவியெல்லாம் இல்லை தம்பி. பால் அதிகம் இருப்பது பட்டையின் உள்பக்கம், தடியை, அதாவது உள்ளே இருக்கிற மரக்கட்டையை ஒட்டி. அதனால் ஆழமாகப் போகத்தான் வேண்டும், ஆனால் தடியைத் தொடக்கூடாது, ஒரு மில்லிமீட்டர் பட்டையாவது மிச்சம் நிற்கணும். இதில் ஒரு சங்கதி இருக்கிறது: கத்தி கொஞ்சம் கூடுதலாக இறங்கினாலும் அன்றைக்குச் சிரட்டையில் பால் குறையாது. காயம் முண்டாகத் தெரிவது புதுப்பட்டை வளர்ந்த பிறகுதான். சிரட்டையை மட்டும் பார்த்து வெட்டுகிறவர் எத்தனை வருஷம் வெட்டினாலும் தன் பிழை அவர் கண்ணில் படாது. எனக்குச் சொல்லித்தந்த ஆசான், விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டும்போதே, விழுகிற சீவலை விரலில் எடுத்துத் தடவிப் பார்ப்பார். ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு என்றால் அடுத்த மரத்துக்குப் போகுமுன் கத்தியைத் தீட்டுவார். அந்தக் கை அப்படி வந்ததுதான்.

மார்த்தாண்டம் டீச்சர்:
அண்ணன் சொன்னதை உளவியல்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டர்ஸ் எரிக்சனும் இன்னும் இருவரும் 1993இல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், மிகச் சிறந்தவர்கள் 18 வயதுக்குள் சராசரியாக 7,410 மணி நேரம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள், அடுத்த நிலையினர் 5,301 மணி நேரம். பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் மேதை ஆகலாம் என்று இதை வைத்துத்தான் பரப்பிவிட்டார்கள். எரிக்சன் வற்புறுத்தியது வேறு: எங்கே தடுமாறுகிறோமோ அதையே எடுத்து, அப்போதைக்கப்போது திருத்திச் செய்கிற பயிற்சி. அதுவும் முழுக் காரணம் இல்லை. 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இசையில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் அந்தப் பயிற்சியால் விளங்கியது 21 சதவீதம்தான். அதனால் பிறவி இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

குலசேகரம் வாசி:
எல்லாம் சரி, கூலியை யாரும் பேசவில்லையே? மரத்துக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, வெயில் ஏறி பால் ஓட்டம் குறையுமுன் அத்தனை மரத்தையும் முடி என்றால் சீவலைத் தடவிப் பார்க்க யாருக்கு நேரம்? உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணிக்கை மரமா? அதை முதலில் சொல்லுங்கள்.

திற்பரப்புக்காரன்:
இல்லை அண்ணே. முண்டு விழுந்த பக்கம் வெட்டுகிறவருக்குத்தான் மரம் அதிகம், அதுவும் மேட்டுப் பக்கம். இந்த வாரமே அப்பாவிடம் பேசி மரத்தைச் சமமாகப் பிரிக்கிறேன்.